ஓசி கேரக்டர்னா இளக்காரமா? மேரி சூ முதல் ஷிகாகோ வரை

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்ன டெஸ்டோட ஆரம்பிக்கலாம்.

பதின்மூணு வயசுப் பொண்ணு ஒருத்தி கதை எழுதிட்டு வந்து உங்ககிட்ட சொல்றான்னு வச்சுக்குங்க. "என் ஹீரோவுக்கு அப்பா அம்மா கிடையாது. அவன் வயித்துக்குள்ள ஒரு பெரிய அரக்க நரி அடைபட்டிருக்கு. கன்னத்துல மீசை மாதிரி கோடு இருக்கும். ஊரே அவனை ஒதுக்கி வச்சிருக்கு. ஆனா உண்மையில அவன் ஊர்த் தலைவரோட பையன், அது அவனுக்கே தெரியாது. கடைசியில உலகத்தையே அவன்தான் காப்பாத்துவான். அப்புறம் அவனே தலைவர் ஆயிடுவான்."

என்ன சொல்வீங்க? "கொஞ்சம் ஓவரா இருக்கும்மா"னு சொல்வீங்க இல்லையா?

அதுதான் நருட்டோ. மசாஷி கிஷிமோட்டோ 1999-ல் ஷோனென் ஜம்ப் வார இதழில் ஆரம்பித்து, 2014 நவம்பர் வரை 700 அத்தியாயம் எழுதினார், 72 தொகுதிகளாக வந்தது. (ஸ்பாய்லர் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க. முடிஞ்சு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு.) கிஷிமோட்டோ எழுதினால் அது கிளாசிக். அதே உலகத்துக்குள்ள, அதே அளவு சோகமான கடந்த காலத்தோட, அந்தப் பொண்ணு தானே ஒரு கேரக்டரை உருவாக்கிச் சேர்த்தா அதுக்கு ஒரு கெட்ட பேர் இருக்கு: மேரி சூ.

இன்னைக்கு அந்தப் பேரோட கதையும், அது யாரை எழுத விடாம பண்ணிச்சு என்பதும்தான் பேச்சு. முதல்ல ஒரு சொல் விளக்கம். ஃபேன் ஃபிக்‌ஷன்ல ஏற்கெனவே இருக்கிற அனிமே உலகத்துக்குள்ள, மூலக்கதையில இல்லாத ஒரு ஆளை ரசிகர் உருவாக்கிச் சேர்த்தா, அவங்க ஒரிஜினல் கேரக்டர். சுருக்கமா ஓசி. நம்ம ஊர்ல ஓசினா வேற அர்த்தம், தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க, இந்தக் கேரக்டர்கள் மேல வைக்கிற குற்றச்சாட்டும் கிட்டத்தட்ட அதேதான். அடுத்தவர் கட்டின வீட்டுல வாடகை குடுக்காம வந்து உட்கார்ந்துக்கிட்டு, ஹீரோ பக்கத்துல சீட் போட்டுக்கிறாங்க, அப்படின்னு.

எனக்கு இதுல சொந்தக் கணக்கு ஒண்ணு இருக்கு. எட்டாங் கிளாஸ்ல கணக்கு நோட்டோட பின்பக்கத்துல நான் ஒரு ஓசி எழுதினேன். டீம் 7-ல நருட்டோ, சாசுகே, சகுராவோட நாலாவதா ஒரு பொண்ணு. பதினோரு அத்தியாயம் வந்துச்சு. சித்தி பையன் ஒருத்தன், என்னைவிட நாலு வயசு பெரியவன், எடுத்துப் படிச்சிட்டு "மேரி சூ"னு சொல்லிச் சிரிச்சான். அந்தச் சொல்லுக்கு அர்த்தம்கூட எனக்குத் தெரியாது. ஆனா அந்தச் சிரிப்பு புரிஞ்சது. நோட்டைக் கிழிச்சுப் போட்டேன்.

சரி, யார் இந்த மேரி சூ?

1973. அமெரிக்கா. ஸ்டார் ட்ரெக் தொடர் டிவியில நின்னுபோய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ரசிகர்கள் விடுறதா இல்லை. டைப்ரைட்டர்ல அடிச்சு, நகலெடுத்து, தபாலில் அனுப்புற சிற்றிதழ்கள் நடத்தினாங்க. அந்தக் காலத்து ஸ்டார் ட்ரெக் ரசிகக் கதைகளை எழுதினவங்கள்ல பெரும்பாலோர் பெண்கள். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.

அப்படி வந்த 'மெனஜெரி' என்ற சிற்றிதழில் பாலா ஸ்மித் என்பவர் ஒரு குட்டிக் கதை எழுதினார். பேர் 'எ ட்ரெக்கீஸ் டேல்'. ஒரு பக்கத்துக்குள்ள முடிஞ்சிடும். கதாநாயகி லெஃப்டினென்ட் மேரி சூ, வயசு பதினஞ்சரை, விண்படையிலேயே மிக இளம் அதிகாரி. கப்பலுக்கு வந்த உடனே கேப்டன் கிர்க் காதலைச் சொல்லிடுவார். ஆபத்து வந்தா ஹேர்பின்னால பூட்டைத் திறந்து எல்லாரையும் காப்பாத்துவாள். கப்பல்ல எல்லாரும் நோயில் விழும்போது தனியாளா கப்பலை ஓட்டுவாள், நோபல் பரிசும் வாங்குவாள். கடைசியில எல்லாரும் கதறி அழ, அழகா செத்துப்போவாள்.

படிச்சா சிரிப்பு வரும், அதை மறுக்க மாட்டேன். ஸ்மித்தும் ஒரு ரசிகைதான், சிற்றிதழ் நடத்தினவர். தனக்கு வந்து குவிஞ்ச கதைகள்ல திரும்பத் திரும்ப இதே பொண்ணு வந்ததைப் பார்த்து அலுத்துப்போய்க் கிண்டல் பண்ணினார். வீட்டுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் கலாய்க்கிற மாதிரியான கிண்டல். ஆனா கிண்டல்ல இருந்து பேர் தனியாப் பிரிஞ்சு வந்துச்சு. 'மேரி சூ' என்பது ஒரு கதையோட கதாநாயகியா இருந்தது, மெல்ல மெல்ல ஒரு வசைச்சொல்லா மாறிச்சு.

இதுல எனக்கு உறுத்துற ஒரு விஷயம் இருக்கு. கேப்டன் கிர்க்கை எடுத்துக்குங்க. ரொம்பச் சின்ன வயசுலயே கேப்டன். போற கிரகத்துல எல்லாம் ஒரு பொண்ணு அவர் மேல காதலாயிடுவா. தோற்கவே மாட்டார். அவருக்கு யாரும் கேலிப்பேர் வைக்கலை. அவரைக் 'ஹீரோ'ன்னாங்க.

இதோட விளைவு என்னன்னு ஒரு புத்தகத்துல பதிவாகியிருக்கு. 1992-ல் கமில் பேக்கன் ஸ்மித் என்ற ஆய்வாளர் 'என்டர்பிரைசிங் விமன்' என்ற நூலை வெளியிட்டார். ஸ்டார் ட்ரெக் போன்ற தொடர்களின் ரசிகைகளோட பல வருஷம் பழகி எழுதினது. அதில் அவர் கவனிச்ச ஒன்று: மேரி சூ என்ற பேர் விழுமோன்னு பயந்து, எழுதுற பெண்கள் தங்கள் கதைகளில் பெண் பாத்திரங்களையே உருவாக்கத் தயங்கினார்கள். மோசமான பெண் பாத்திரங்களை மட்டும் தவிர்த்திருந்தா பரவாயில்லை, பெண் பாத்திரங்களையே தவிர்த்தாங்க. பெண்கள் எழுதி, பெண்கள் படிக்கிற கதைகள், ஆனா உள்ளே புதுசா ஒரு பெண் நுழையணும்னா பயம். ஒரு பக்கக் கதையால இவ்வளவான்னு கேட்டா, அந்தக் கதையால மட்டும்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பயத்துக்குக் கூப்பிட வசதியா ஒரு பேர் அதுலதான் கிடைச்சது.

இதெல்லாம் ஸ்டார் ட்ரெக், அனிமேக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. ஆட்கள்தான் சம்பந்தம். அமெரிக்காவில் அனிமே முதலில் போய்ச் சேர்ந்தது இதே அறிவியல் புனைகதை ரசிகர்கள் கையில்தான். 1977-ல் லாஸ் ஏஞ்சலஸில் 'கார்ட்டூன்/ஃபேன்டசி ஆர்கனைசேஷன்' என்ற சங்கம் தொடங்கியது, அங்கே கூடி ஜப்பானியத் தொடர்களைப் போட்டுப் பார்த்தாங்க. அந்த வட்டாரத்தோட பழக்கவழக்கங்களும் வசைச்சொற்களும் அனிமே ரசிகர்களுக்கும் வந்து சேர்ந்தன.

1991-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 'அன்டாக்யுமென்டட் ஃபீச்சர்ஸ்' என்ற நீண்ட தொடர்கதையைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் பசங்க. 'டர்ட்டி பேர்' அனிமே உலகத்துக்குள்ள தங்களையே கேரக்டரா போட்டுக்கிட்டு, விண்கலம் ஓட்டி, சண்டை போட்டு ஜாலியா எழுதினாங்க. இந்த மாதிரிக் கதைக்கு 'செல்ஃப் இன்சர்ட்'னு பேர். கவனிச்சீங்களா? பொண்ணு தன்னைக் கதைக்குள்ள வச்சா மேரி சூ, பசங்க வச்சா ஒரு ஜானர். ஆண் பாத்திரத்தைக் கிண்டல் பண்ண 'கேரி ஸ்டூ' மாதிரிப் பேர்களும் வந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்தப் பேருக்குப் பயந்து நோட்டைக் கிழிச்ச பையனை நான் இன்னும் சந்திக்கலை.

இப்ப அனிமே பிறந்த ஊருக்கே போவோம். ஜப்பானில் இந்தக் கதை வேற மாதிரி நடந்துச்சு. 1975 டிசம்பர் 21-ம் தேதி டோக்கியோவில் முதல் காமிகெட். ரசிகர்கள் தாங்களே அச்சடிச்ச டோஜின்ஷி இதழ்களைக் கொண்டுவந்து விற்கிற சந்தை. 32 குழுக்கள் கடை போட்டன, சுமார் 700 பேர் வந்தாங்க. வந்தவங்கள்ல பெரும்பாலோர் ஷோஜோ மங்கா படிக்கிற பள்ளி மாணவிகள். பிற்காலத்துல அதே சந்தைக்கு மூணு நாளில் அஞ்சு லட்சத்துக்கும் மேற்பட்ட வருகை பதிவாச்சு. காமிகெட் தனி எபிசோடுக்கான சரக்கு, இப்போ விட்டுடுறேன்.

நமக்கு வேண்டியது யுமே ஷோசெட்சு. 'கனவு நாவல்'னு அர்த்தம். இன்டர்நெட் வந்த புதுசுல, 1990களின் கடைசியிலும் 2000களிலும், ஜப்பானிய ரசிகைகள் தங்கள் சொந்த இணையப் பக்கங்களில் இதை வளர்த்தாங்க. கதைக்கு முன்னாடி ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுல உங்க பேரை டைப் பண்ணணும். பக்கத்துல ஓடுற ஒரு குட்டி ஜாவாஸ்கிரிப்ட், கதை முழுக்க நாயகியோட பேர் வர்ற இடத்துல எல்லாம் உங்க பேரை மாத்திப் போட்டுடும். அப்புறம் சாசுகே உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். பேர் குடுக்க வெட்கமா இருந்தா, எழுதினவங்களே வச்ச பேரோட படிக்கலாம்.

இதுல இருக்கிற நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். "நீ உள்ளே வரணும்னு ஆசைப்படுற, அது எங்களுக்குத் தெரியும், இதோ கதவு"னு முதல் வரிக்கு முன்னாடியே சொல்லிடுறாங்க. இதிலும் ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, முகமே இல்லாத நாயகி, யார் வேணா உள்ளே புகுந்துக்கலாம். இன்னொண்ணு, பேர் மட்டும்தான் மாறும், குணம், குடும்பம், திறமை எல்லாம் எழுதினவங்க செதுக்கி வச்சிருப்பாங்க. ரெண்டாவது வகை கிட்டத்தட்ட முழு ஓசி. இன்னைக்கு ஆங்கிலத்துல 'ஒய் என்'னு போட்டு எழுதுறாங்களே, 'உன் பேர்'னு, அதுவும் இதே ஆசைதான். பெட்டி மட்டும் இல்லை.

இனி நருட்டோவுக்கு வருவோம், ஏன்னா ஓசிக்களோட தலைநகரம் அதுதான். 1998-ல் தொடங்கிய ஃபேன் ஃபிக்‌ஷன் டாட் நெட்டில் நருட்டோவுக்கு மட்டும் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட கதைகள் சேர்ந்தன. அதுல ஓசி கதைகள் குவியல் குவியலா இருக்கு. ஏன் இந்த உலகம்?

என் பதில், கிஷிமோட்டோ வீட்டைப் பெருசா கட்டிட்டு நிறைய அறைகளைக் காலியா விட்டுட்டார். அஞ்சு பெரிய நாடு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மறைவுக் கிராமம். ஊருக்குள்ள குலங்கள், ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு வித்தை. மூணு மாணவர், ஒரு ஆசிரியர்னு டீம். சட்டதிட்டம் எல்லாம் தெளிவா இருக்கு, ஆனா பாதிப் பேருக்கு முகம் இல்லை. குறிப்பா பெண்களுக்கு. டென்டென்னு ஒரு பொண்ணு ஞாபகம் இருக்கா? சூனின் தேர்வுல அவளுக்கும் தெமாரிக்கும் சண்டை. மங்காவில் அந்தச் சண்டையையே காட்டலை, முடிவை மட்டும் காட்டிட்டு அடுத்த சண்டைக்குப் போயிடுவாங்க. பன்னிரண்டு வயசுல அந்தப் பக்கத்தைத் திருப்பின ஒரு பொண்ணுக்கு என்ன தோணும்? "அப்ப நானே எழுதிக்கிறேன்"னுதான் தோணும்.

எழுத உட்கார்ந்தா உடனே கணக்கு இடிக்கும். டீம்ல மூணு பேர்தான். உங்க ஆளை உள்ளே வைக்கணும்னா யாரை வெளியே அனுப்புவீங்க? சகுராவையா? அவள் போன டீம்ல இருந்து யார் போவாங்க? சூனின் தேர்வுல உங்க ஆள் ஒரு சண்டையில ஜெயிச்சா, மூலக்கதையில ஜெயிச்சவர் அடுத்த சுற்றுல இல்லை. அப்ப அந்தச் சண்டையால அவருக்கு வந்த மாற்றமும் இல்லை. ஒரு செங்கலை உருவினா எது எதெல்லாம் சரியுதுன்னு பார்த்துப் பார்த்து எழுதணும். மூலக்கதையை எத்தனை தடவை படிச்சாலும் வராத புரிதல் இதுல வரும். ஏற்கெனவே இருக்கிற ரெண்டு கேரக்டரைச் சேர்த்து வச்சு எழுதுறதைவிட இது கஷ்டம்னுதான் நான் நினைக்கிறேன். அங்க ஆள் யாருன்னு வாசகருக்குத் தெரியும். இங்க அறிமுகமே இல்லாத ஒருத்தியை, நருட்டோவைப் பார்க்க வந்த வாசகர் பொறுத்துக்கணும்.

அதைவிடப் பெரிய லாபம், கேமராவை வேற பக்கம் திருப்பலாம். அலை நாட்டுக் கதையை எடுத்துக்குங்க. பாலம் கட்டுற டஸுனா, தன் நாட்டுல காசில்லைன்னு பொய் சொல்லி, ஆபத்தான வேலையைக் குறைஞ்ச கூலிக்குப் பேசி நிஞ்ஜாக்களைக் கூட்டிட்டுப் போவார். மூலக்கதையில நாம டீம் 7 கூடவே போவோம். அந்தக் கரையில வலை பின்னுற ஒரு பொண்ணை ஓசியா வைங்க. காசிருந்தா வந்து காப்பாத்துற, காசில்லைன்னா வராத இந்த நிஞ்ஜா ஏற்பாடு அவளுக்கு எப்படித் தெரியும்? ஹீரோவோட தோள் மேல இருந்து பார்க்கிற வரைக்கும் அந்தக் கேள்வியே எழாது.

ஆனா இந்தக் காலகட்டத்துலதான் 'லிட்மஸ் டெஸ்ட்'களும் பரவிச்சு. உங்க கேரக்டர் மேரி சூவான்னு கண்டுபிடிக்கிற கேள்விப் பட்டியல். கண் நிறம் வித்தியாசமா? அப்பா அம்மா இறந்துட்டாங்களா? அரிய சக்தி இருக்கா? ரகசியமான பெரிய குடும்பமா? ஒவ்வொரு ஆமாவுக்கும் புள்ளி ஏறும். நான் ஆரம்பத்துல சொன்ன நருட்டோவை அதுல போட்டுப் பாருங்க. சாசுகேவையும் போடுங்க: குலமே அழிஞ்சு மிஞ்சின பையன், சிவப்பாகிற கண், கிளாஸ்ல எல்லாப் பொண்ணுங்களுக்கும் அவன் மேல கிரஷ். ரெண்டு பேரும் ஃபெயில். எழுதினவங்க கவனமா இருக்கணும்னு நினைச்சு நல்ல எண்ணத்துல செஞ்ச டெஸ்டா இருக்கலாம். ஆனா கேரக்டர்கிட்ட என்ன இருக்குன்னு எண்ணி அது நல்ல கேரக்டரான்னு சொல்ல முடியாது. அந்தக் கண்ணும் அந்தச் சோகமும் கதையில என்ன வேலை செய்யுதுங்கிறதை எந்தப் பட்டியலும் கேட்கலை.

இன்னொரு நியாயமும் பேசணும். ஓசிங்கிறது ரசிகர்கள் செய்யுற விளையாட்டு, தொழில்முறை ஆட்கள் அப்படிச் செய்ய மாட்டாங்கன்னு ஒரு நினைப்பு இருக்கு. முதல் நருட்டோ அனிமே 2002-ல் இருந்து 2007 வரை 220 எபிசோட். அனிமே மங்காவை நெருங்கிட்டதால, கடைசி எண்பது எபிசோட் கிட்டத்தட்ட முழுக்க ஃபில்லர். மங்காவில் இல்லாத ஊர், மங்காவில் இல்லாத வில்லன், ஒரே வாரம் வந்து நருட்டோவால மனசு மாறிட்டுப் போயிடுற ஆட்கள். 2004-ல் வந்த முதல் சினிமாவோட பனி நாட்டு இளவரசியும் படத்துக்காகவே உருவானவள்தான். சம்பளம் வாங்கிட்டு எழுதின ஓசிக்கள்னு சொன்னா யாரும் கோவிச்சுக்காதீங்க.

இதுல என் ஃபேவரிட் பார்டாக். 1990 அக்டோபரில் டிராகன் பால் இசட்டுக்கு ஒரு டிவி ஸ்பெஷல் வந்தது. கோகுவோட அப்பா பார்டாக்தான் ஹீரோ. மங்காவில் அதுவரை அப்படி ஒருத்தர் கிடையாது, அனிமே குழு உருவாக்கின ஆள். ஃப்ரீசாவை எதிர்த்துத் தனியா நின்னு சாகிற சாதாரணச் சிப்பாய். அகிரா தோரியாமாவுக்கு அது பிடிச்சுப்போய், பிற்பாடு மங்காவிலேயே பார்டாக்கை வரைஞ்சார். வெளியில இருந்து வந்த ஆளுக்கு மூல ஆசிரியரே உள்ளே இடம் குடுத்தார்.

ரசிகர்கள் பக்கம் அப்படி இடம் பிடிச்சவள் ஷிகாகோ நாரா. 2010களின் தொடக்கத்தில் புனைபெயரில் ஒருவர் எழுதத் தொடங்கிய 'ட்ரீமிங் ஆஃப் சன்ஷைன்' கதையின் நாயகி. ஷிகாமாருவோட ரெட்டைத் தங்கை. போன பிறவியில நம்ம உலகத்துல இருந்தவள், நருட்டோவை ஒரு மங்காவா படிச்சவள். ஐடியாவைக் கேட்டா லிட்மஸ் டெஸ்ட் அலறும். எதிர்காலம் தெரியும், பெரிய குலம், அதோட டீம் 7-லயே இடம்!

ஆனா உள்ளே நடக்கிறது வேற. சகுரா இருந்த இடத்துல இவள் இருக்கிறதால சின்னச் சின்ன விஷயங்கள் நகர ஆரம்பிக்குது, தெரிஞ்ச எதிர்காலம் கொஞ்சம் கொஞ்சமா செல்லாமப் போகுது. எதைச் சொல்லலாம், எதை மாத்தலாம், மாத்தினா யார் சாவாங்கன்னு பயந்து பயந்து வாழ்றாள். எல்லாம் தெரிஞ்சவள்ங்கிறதே அவளுக்குப் பெரிய பாரம். லட்சக்கணக்கான வார்த்தைகள் நீளும் அந்தக் கதையில, நாம அசால்ட்டா பார்த்துட்டுப் போன விஷயம் ஒண்ணு உறைக்கும்: இவங்க எல்லாம் பன்னிரண்டு வயசுக் குழந்தைகள், இவங்களைச் சண்டைக்கு அனுப்புறாங்க. எனக்கு அது நருட்டோ பார்த்தப்ப உறைக்கலை, ஷிகாகோ கூடப் போனப்ப உறைச்சது.

நியாயமா இதையும் சொல்லிடுறேன். ஓசி கதைகள்ல பெரும்பாலானது சுமார்தான். மூணாவது பத்தியில கண் நிறத்தை விவரிச்சு, அஞ்சாவது பத்தியில ககாஷி அசந்து நிக்கிற கதைகள் நூத்துக்கணக்குல இருக்கு. நானே எழுதியிருக்கேன். ஆனா எல்லாரும் பழகுற வயசுல எழுதுறது அப்படித்தான் இருக்கும். பாட்டு கத்துக்கிற பொண்ணு சரளி வரிசையில ஸ்ருதி விட்டா யாரும் அதுக்கு வசைச்சொல் கண்டுபிடிக்கிறதில்லை.

2009 நவம்பரில் ஏஓ3 என்ற ரசிகர் கதைக் களஞ்சியம் திறந்தது. லாப நோக்கில்லாத அமைப்பு, ரசிகர்களே நடத்துறது. 2019-ல் ஹியூகோ விருதும் வாங்கிச்சு. அங்க ஒவ்வொரு கதைக்கும் டேக் போடலாம். 'ஒரிஜினல் ஃபீமேல் கேரக்டர்' என்பது அதுல ஒண்ணு. வேண்டாம்னா வடிகட்டிக்கலாம், வேணும்னா தேடிப் போகலாம். முன்னாடி மன்னிப்புக் கேட்டுட்டு எழுதின விஷயம், இப்ப நூலக அலமாரியில ஒட்டின லேபிள் மாதிரி. அதே இடத்துல 'ட்ரீமிங் ஆஃப் சன்ஷைன்'க்கும் தனி டேக் இருக்கு. ஏன்னா ஷிகாகோவை வச்சு மத்தவங்க ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுறாங்க. ஓசியோட உலகத்துக்குள்ள தங்களோட சொந்த ஓசியைக் கொண்டுபோய் விடுறவங்களும் உண்டு.

இந்த எபிசோடுக்காகப் படிச்சிட்டு இருந்தப்பதான் என் கணக்கு நோட்டு ஞாபகம் வந்துச்சு. பதினோரு அத்தியாயம் எழுதியும், மூணு பேர் டீம்ல நாலாவதா ஒருத்தி எப்படி வந்தான்னு நான் ஒரு வரிகூட விளக்கலை. யார்தான் அவளைச் சேர்த்துக்கிட்டது? எதுக்காக விதியை மீறினாங்க? மத்த டீம்காரங்க சும்மாவா விட்டாங்க? இப்ப எழுதினா அங்க இருந்துதான் ஆரம்பிக்கணும். ஒரு புது நோட்டு வாங்கியிருக்கேன், கோடு போடாதது.

அடுத்த வாரம் காமிகெட் எபிசோடுல பார்ப்போம் மக்களே. வணக்கம்.